மஞ்சள் விளக்கு யாருக்காக எரிகிறது?

கார் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் அந்த விளக்கைத் தெரியும். வேகமானிக்குப் பக்கத்தில், எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்து ஒரு குழந்தை கோடு போட்டு வரைந்ததுபோல ஒரு சின்னம். மஞ்சளாக எரியும். அமெரிக்காவில் அதை 'செக் எஞ்சின்' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அது எரியும்போது வண்டி பெரும்பாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, இழுவை குறையவில்லை. அப்புறம் எதற்கு எரிகிறது?

அதிலும் சனிக்கிழமை தானே பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரையோ ஸ்பார்க் பிளக்கையோ மாற்றியவருக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த விளக்கு எரிந்தால் வருகிற எரிச்சல் தனி. "எல்லாம் சரியாத்தானே மாட்டினேன், இப்ப என்ன?" மலிவு விலை ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினால் பி0171 என்று ஓர் எண் வரும். 'கலவை மெலிந்திருக்கிறது, பக்கம் 1' என்று அதற்குப் பொருள். எந்தப் பாகம் கெட்டது, எதைக் கழற்ற வேண்டும், எதை முடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. நோயாளியைப் பார்த்து "உடம்பு சூடா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற டாக்டர் மாதிரி.

இந்த எண் இப்படிப் பூடகமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த விளக்கை வைக்கச் சொன்னவர்கள் காரோட்டியை நினைத்து வைக்கவில்லை. மெக்கானிக்கை நினைத்தும் வைக்கவில்லை. அது காற்றுக்காக வைத்த விளக்கு. அந்தக் கதை தெரிந்தால் அதன் பேச்சும் புரியும். கதை தொடங்குவது 1943-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில்.

அன்னாசி வாசனை ஆராய்ந்தவர்

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் திடீரென்று புகைமூட்டம் கவிந்தது. மூன்று தெரு தள்ளி இருப்பது தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஆலையின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை.

லண்டன் புகைமூட்டத்தை உலகம் அறிந்திருந்தது. அது நிலக்கரிப் புகை, கந்தகம் கலந்தது. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் லாஸ் ஏஞ்சலஸையும் பார்த்தார்கள். ஆனால் இந்த நகரம் நிலக்கரியால் சமைக்கவுமில்லை, குளிர் காயவுமில்லை. நல்ல வெயில் அடிக்கிற நாளில்தான் இங்கே மூட்டம் அதிகமானது.

முடிச்சை அவிழ்த்தவர் ஏரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்திலிருந்து வந்து கால்டெக்கில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். அன்னாசிப்பழத்தின் வாசனை எந்தெந்த வேதிப்பொருளால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைக் குளிர வைத்துப் பிடிக்கிற அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார். எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களும் எஞ்சின் சூட்டில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து சமைந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் எவ்வளவு சீக்கிரம் வெடிப்பு விழுகிறது என்று பார்த்தே அந்த நகரத்தில் ஓசோனை அளந்தார்கள்.

ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து. அதோடு, வீட்டு வாசலில் நிற்கும் கார்களிலிருந்து. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காரின் சைலன்சர் வழியாக வரும் புகை மட்டுமல்ல, ஓடாமல் நிற்கும் காரின் டேங்கிலிருந்து ஆவியாகிப் போகிற பெட்ரோலும் அதே ஓசோனைத்தான் சமைக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் ஏன் எஞ்சின் விளக்கு எரிகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

யாருக்கும் தெரியாத பழுது

1967-இல் கலிஃபோர்னியா, காற்று வள வாரியத்தை அமைத்தது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட்தான். 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றி, கார்ப் புகையின் முக்கிய நச்சுகளை ஏறத்தாழ 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதற்கான தொழில்நுட்பம் கைவசம் இல்லாதபோதே சட்டம் வந்துவிட்டது. கம்பெனிகள் முடியாது என்றன. ஆனாலும் 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்து சேர்ந்தது.

அடுத்த கட்டம், மூன்று நச்சுகளையும் ஒரே டப்பாவுக்குள் ஒழிக்கும் மும்முனை வினையூக்கி. இதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டியே எஞ்சின் எரிய வேண்டும். கொஞ்சம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போனால் வினையூக்கி தன் வேலையில் பாதியைச் செய்யாது. கார்புரேட்டரால் இவ்வளவு துல்லியமாக ஊட்ட முடியாது. ஆகவே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்ல ஒரு சென்சாரை பாஷ் நிறுவனம் உருவாக்கியது. அதை முதலில் மாட்டிக்கொண்டு 1977 மாடலாகக் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வந்தது வால்வோ. சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கணினி வேண்டும். சாதாரணக் குடும்பக் காருக்குள் கணினி நிலையாகக் குடியேறியதற்கு முதன்மையான காரணம் இதுதான். சொகுசு அல்ல, வேகம் அல்ல, புகை.

இங்கேதான் புது மாதிரியான ஒரு சிக்கல் பிறந்தது. பிரேக் தேய்ந்தால் ஓட்டுபவருக்குத் தெரியும். டயர் பஞ்சரானால் தெரியும். புகையைச் சுத்தம் செய்யும் கருவி செத்துப்போனால் யாருக்குத் தெரியும்? கார் முன்புபோலவே ஓடும். நஷ்டம் ஓட்டுபவருக்கு இல்லை. பின்னால் சைக்கிளில் வருபவருக்கும், சாலையோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும்தான். உடையவருக்கு வலிக்காத பழுதை அவர் எதற்குச் சரிசெய்வார்? அவருக்கு வலிக்க வைக்க வேண்டும். குறைந்தபட்சம், கண்ணை உறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு பிறந்தது இதற்குத்தான்.

பேப்பர் கிளிப் காலம்

1981 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் கணினியை வைத்தபோது, டேஷ்போர்டுக்கு அடியில் 12 முனை கொண்ட ஓர் இணைப்பையும் வைத்தது. தொழிற்சாலையில் வண்டியைச் சோதிப்பதற்காக வைத்தது அது. ஆனால் வீட்டு மெக்கானிக்குகள் அதன் ரகசியத்தைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். எழுதுமேசையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து, நிமிர்த்தி, குறிப்பிட்ட இரண்டு முனைகளை அதனால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல்: 12. இப்படி மூன்று முறை. 12 என்றால் எஞ்சின் சுற்றவில்லை என்று பொருள். எஞ்சின் நிற்கும்போது அது சரியான பதில்தானே? "நான் முழிச்சிருக்கேன், கேளு" என்று கணினி சொல்வது மாதிரி. அதற்குப் பிறகு, சேமித்து வைத்திருக்கும் பழுது எண்கள் ஒவ்வொன்றாக வரும். கையில் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

செலவில்லாத வழிதான். ஆனால் இது ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்தும். ஃபோர்டுக்கு வேறு முறை, டொயோட்டாவுக்கு வேறு முறை. 1985-இல் கலிஃபோர்னியா வாரியம் விதி போட்டு, 1988 மாடலிலிருந்து வண்டி தன்னைத் தானே கண்காணிக்க வேண்டும், பழுதானால் விளக்கு எரிய வேண்டும் என்றது. அந்தத் தலைமுறைக்குப் பிற்பாடு ஓபிடி ஒன்று என்று பேர் வந்தது. அதில் இரண்டு பெரிய ஓட்டைகள். ஒன்று, பொதுவான இணைப்பும் இல்லை, பொதுவான எண்ணும் இல்லை. இரண்டு, கம்பி அறுந்தால், சென்சார் செத்தால் கண்டுபிடிக்கும். சென்சார் கிழடு தட்டிப்போய் மெதுவாகப் பதில் சொன்னாலோ வினையூக்கி தேய்ந்துபோனாலோ அதற்குத் தெரியாது.

1989-இல் வாரியம் அடுத்த விதியை ஏற்றது. அதுதான் ஓபிடி இரண்டு. 1994 மாடலிலிருந்து படிப்படியாக வந்து, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஒரே வடிவத்தில் 16 முனை கொண்ட இணைப்பு. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஐந்து இலக்கக் குறியீடு. பி0171-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 'பி' என்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பகுதி. அடுத்த பூஜ்யம், எல்லாருக்கும் பொதுவான எண் என்பதற்கு. அங்கே 1 இருந்தால் கம்பெனியின் சொந்த எண். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் காற்றும் பெட்ரோலும். 3 என்றால் தீப்பொறி. 4 என்றால் புகை கட்டுப்பாட்டுத் துணைக்கருவிகள். கடைசி இரண்டு இலக்கம் குறிப்பான பழுது.

விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதற்கு அளவுகோல் என்ன தெரியுமா? பல பழுதுகளுக்கு, வண்டியின் புகை சட்ட வரம்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்ற நிலை. எஞ்சின் கெடும் நிலை அல்ல, புகை வரம்பு மீறும் நிலை. பெரும்பாலான பழுதுகளில் முதல் ஓட்டத்தில் தெரிந்ததை மனசுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் விளக்கைப் போடும். சனிக்கிழமை செய்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரிவது இதனால்தான். சிலிண்டரில் தீப்பொறி தவறி, எரியாத பெட்ரோல் வினையூக்கியைப் பொசுக்கும் அளவுக்குப் போனால் மட்டும் விளக்கு காத்திருக்காது. விட்டு விட்டு எரியும். அப்போது வண்டியை ஓரங்கட்டுவதே நல்லது.

சொந்தக் கை வேலைக்குப் பிறகு

சரி, இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஏர் ஃபில்டரை மாற்றியவரின் வண்டியில் பி0171.

உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார், ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ். ஃபில்டர் மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டியவர் கிளாம்ப்பைக் கடைசி வரை முடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. நம்மூர் மெக்கானிக் பாஷையில் 'ஏர் புடிக்குது'. கணினி, அளந்த காற்றுக்குத்தான் பெட்ரோல் ஊற்றுகிறது. புகையை மோந்து பார்க்கும் சென்சார், ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்கிறது. கணினி இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கூட்டுகிறது. மறுபடியும் ஆக்சிஜன். மறுபடியும் கூட்டுகிறது. இந்தக் கூடுதல் இருபது, இருபத்தைந்து சதவீதத்தைத் தொட்டதும் "என்னால் இதற்கு மேல் ஈடுகட்ட முடியாது" என்று எண்ணைப் பதிகிறது. அதற்கு ஹோஸைத் தெரியாது, கிளாம்ப்பைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் மட்டும்.

கடைக்குப் போய் எண்ணைச் சொன்னால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. சென்சார் பாவம், உண்மையைத்தான் சொன்னது. சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற வேலை இது. அதே எண் அழுக்கேறிய காற்று சென்சாராலும் வரும், பலமிழந்த பெட்ரோல் பம்ப்பாலும் வரும். எப்படிப் பிரிப்பது? ஸ்கேனரில் பெட்ரோல் கூட்டல் எவ்வளவு என்று ஓடிக்கொண்டே தெரியும். வண்டி சும்மா நின்று உறுமும்போது கூட்டல் அதிகமாகவும், வேகம் கூட்டினால் இயல்புக்கு வருவதாகவும் இருந்தால், எங்கோ காற்று புகுகிறது. நேர்மாறாக, வேகம் கூடக் கூட அதிகமானால் பம்ப்பையோ காற்று சென்சாரையோ சந்தேகிக்கலாம். எண் பதிவான அந்தக் கணத்தில் எஞ்சினின் சூடு, சுற்று, வேகம் என்னவாக இருந்தன என்று ஒரு நிழற்படம்போலக் கணினி சேமித்து வைத்திருக்கும். எதையும் அழிப்பதற்கு முன் அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் எளிய விதி ஒன்று உண்டு. நேற்று நம் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கே முதலில் பார்க்க வேண்டும். காற்று சென்சாரின் பிளக்கைச் செருக மறந்தால் பி0102. ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது. காயில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பெட்ரோல் போட்டபின் மூடியைக் கிளிக் சத்தம் வரும்வரை திருகாவிட்டால் பி0455, அதாவது ஆவி கசிகிறது. ஓபிடி இரண்டின் விதி, 1 மில்லிமீட்டர் துளை அளவு கசிவைக்கூடக் கண்டுபிடிக்கச் சொன்னது; பிறகு அதையும் பாதியாகக் குறைத்தார்கள். ஹாகன்-ஸ்மிட் கண்டுபிடித்த வெயிலும் ஆவியும் இந்த மூடியில் வந்து நிற்கின்றன.

பணத்தை அதிகம் பறிப்பது பி0420. வினையூக்கியின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். வினையூக்கிக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது மேலும் கீழுமாகத் துள்ளும்; பின்னால் இருப்பது அமைதியாக இருக்க வேண்டும். அதுவும் துள்ளினால் நடுவில் வினையூக்கி வேலை செய்யவில்லை என்று கணினி முடிவு கட்டும். பல கார்களில் புதிய வினையூக்கி ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் அருகில் புகைக்குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் அதே எண் வரலாம். இன்னொன்று: வினையூக்கி பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. தீப்பொறி தவறும் சிலிண்டரோ, எஞ்சின் குடிக்கும் ஆயிலோ அதைக் கொல்லும். கொன்றதைப் பிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் சாகும்.

வேலை முடிந்தால் எண்ணை அழிக்கலாம். அழிக்காவிட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தெரியாவிட்டால் விளக்கு தானே அணையும். ஆனால் புகைப் பரிசோதனைக்குப் போகும் வழியில் அழித்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு விதி எழுதியவர்கள் முன்பே ஒரு கண்ணி வைத்துவிட்டார்கள். அழித்தவுடன் "என் சோதனைகளை நான் இன்னும் முடிக்கவில்லை" என்று கணினி ஒரு குறிப்பை ஏந்திக்கொள்ளும். சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டினால்தான் அது போகும். கலிஃபோர்னியாவில் 2015 முதல், 2000 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கும் புகைக்குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை. இணைப்பில் செருகிக் கணினியின் வாக்குமூலத்தைத்தான் வாங்குகிறார்கள்.

வாக்குமூலம் யாருக்குச் சொந்தம்?

வாக்குமூலம் பொய்யாக இருந்தால்? 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டி அளந்திருந்தார்கள். சோதனைக்கூடத்தில் ஒழுங்காக இருந்த டீசல் கார், சாலையில் வரம்பைப் பல மடங்கு மீறியது. சில நிலைகளில் 40 மடங்கு வரை போனதாக அரசு சொன்னது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த ஏமாற்று மென்பொருள் இருந்தது. அத்தனை வண்டிகளிலும் இந்த மீறலுக்காக மஞ்சள் விளக்கு எரியவில்லை. வீட்டு மெக்கானிக் மூடியைத் திருக மறந்தால் காட்டிக்கொடுக்கும் விளக்கு, கம்பெனியே செய்த வேலைக்கு வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடித்தது கணினிக்கு வெளியே நின்று அளந்தவர்கள்.

இதனால்தான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த இணைப்பு தடையில்லாமல் திறந்திருக்க வேண்டும், கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் கருவியோ ரகசியக் குறியீடோ இல்லாமல் படிக்க முடிய வேண்டும், பழுதுபார்க்கும் தகவலைத் தொழில் செய்யும் எவருக்கும் தர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இதில் தர்க்கம் தெளிவு. விளக்கு எரிந்தால் காற்று சுத்தமாகாது. யாராவது பழுதைச் சரிசெய்தால்தான் ஆகும். தெருமுனை மெக்கானிக்கும், தன் வீட்டு வாசலில் கை அழுக்காக்கிக்கொள்பவரும் படிக்க முடிந்தால்தான் அது நடக்கும். 20 டாலர் ஸ்கேனர் இருப்பது இந்த வரியால்தான்.

அந்த வரி புகை சம்பந்தப்பட்டதைத்தான் காத்தது. மற்றதைக் கம்பெனிகள் பூட்டிக்கொண்டே போயின. 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பழுதுபார்க்கும் உரிமை கேட்டு வைத்த வாக்கெடுப்பில் சுமார் 86 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். தகவல் கம்பியை விட்டு வானலைக்கு ஏறி நேரே கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும், 2020-இல் மறுபடி வாக்களிக்க வேண்டி வந்தது. முக்கால்வாசிப் பேர் ஆதரித்தார்கள்.

இந்தியாவில் பிஎஸ் நான்கு விதிகளோடு 2010-இல் கார்களுக்கு முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் ஆறு வந்தபோது அதே மஞ்சள் விளக்கு பைக்கிலும் ஸ்கூட்டரிலும் ஏறிவிட்டது. காது கொடுத்துக் கேட்டே "ரெண்டாவது சிலிண்டர் மிஸ் ஆவுதுண்ணே" என்று சொல்லிவந்த நம்மூர் மெக்கானிக் இப்போது போனில் எண்ணைப் படிக்கிறார். காது சொன்னதையும் எண் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவரே நல்ல மெக்கானிக். எண் மட்டும் போதும் என்று நினைப்பவர் பாகம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை. ஆகவே புகையை முன்னிட்டு எழுதிய சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு அப்படியே பொருந்தாது. காற்றுக்காகப் போராடியவர்கள் போகிற போக்கில் நமக்கு வாங்கித் தந்த உரிமை இது. நம் வண்டியைப் பற்றி நம் வண்டிக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்ளும் உரிமை. புகை போன பிறகும் அது நிலைக்க வேண்டுமென்றால், இனி அதை அதற்காகவே கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.